நூற்றுக்கு ஒரு ரூபாய்

சென்ற திங்கள் நம் அன்பர் ஒருவரது இல்லத்திற்குச் சென்றிருந்தோம். இல்லத்தலைவியார் தையற்பொறி வாங்கும் பொருட்டுத் தனியார் ஒருவரிடம் 12,000 ரூபாய் கடன் பெற்றிருந்தார். "நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்தானே வட்டி!" என்று மகிழ்வோடு கூறினார். தவணைச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். மாதம் 1,120 ரூபாய் வீதம் 12 தவணை. ஆக 13,440 ரூபாய்.

மாதந்தோறும் அசலில் 1,000 ரூபாய் அடைபடுகின்றது. இரண்டாம் மாதம் நிற்கும் கடன் 11,000. இறுதி மாதத்தில் வெறும் 1,000. வட்டியோ கடைசி வரையில் முழு 12,000-க்கே வாங்கப்படுகின்றது. குறைந்து வரும் அசலுக்குக் கணக்கிட்டால் ஓராண்டு வட்டி 780 ரூபாய்தான். அம்மையார் செலுத்துவது 1,440. கணக்கைக் கேட்டு அவர் சற்று நேரம் வாய் திறக்கவில்லை.

அந்தமானில் வாழும் நமக்குத் தாயகத்தில் ஒரு நல்லது கெட்டது என்றாலும் கடல் கடந்தன்றோ செல்ல வேண்டியிருக்கிறது! அந்த அவசரத்தில் கிடைத்த இடத்தில் கைந்நீட்டுகின்றோம். நீட்டுமுன் சிறிது எண்ணுதல் நன்று.

1989-இல் தருமபுரி மாவட்டத்து மகளிர் சிறுசிறு குழுக்களாகக் கூடிச் சேமிக்கத் தொடங்கினர். 1992-இல் நபார்டு வங்கி, இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை 500 குழுக்களைக் கொண்டு தொடங்கிற்று. முதலில் சேமிப்பு, பின்னரே கடன் என்பதே அதன் முறை.

ஆண்டு வருவாய் 3 இலட்சத்திற்கு மேற்படாத குடும்பத்திற்கு வங்கியோ நிதி நிறுவனமோ ஈடின்றி வழங்கும் சிறுகடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்துள்ளது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருவாயில் பாதியைத் தாண்டலாகாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். முன்கூட்டி அடைத்தால் தண்டம் இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரலாகாது. தனியாரிடம் வாங்கும் கைக்கடனுக்கு இக்காப்பு எதுவும் இல்லை என்பதை மறவற்க.

ஆகவே கடன் கொடுப்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா?" விடை கூறத் தயங்குபவரிடம் கையொப்பமிட வேண்டா.

அடுத்த கூட்டத்திற்குச் சகோதரிகள் தத்தம் தவணைச் சீட்டுகளைக் கொணர்க. ஒன்றாய் அமர்ந்து கணக்குப் பார்ப்போம். கடன்பட்டிருப்பதில் வெட்கமில்லை; கணக்கறியாது செலுத்துவதே இழப்பு.