சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போடலாமா?

“எங்கள் ஆண் பூனைக்கு 10 வயது. சர்க்கரை நோய் என்று சொல்லி, நாலு மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போட்டு வருகிறோம். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்துவிட்டு, எதையும் தொடாமல் படுத்துக்கொள்கிறது. அன்றைக்கு ஊசி போடுவதா, விடுவதா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வயிற்றுக்கு வீட்டிலேயே என்ன கொடுக்கலாம்?”

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

உணவு முதலில், ஊசி பிறகு. சர்க்கரை நோயுள்ள பூனை வளர்ப்பவர்கள் மறக்கக் கூடாத வரிசை இது. இன்சுலின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் மருந்து. வயிறு காலியாக இருக்கும்போது வழக்கமான முழு அளவைப் போட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். பூனை தள்ளாடும், சோர்ந்து சரியும், உடல் நடுங்கி வலிப்பு வரும், உயிரும் போகலாம். ஒரு வேளை ஊசி தவறுவதைவிட, பட்டினி வயிற்றில் போட்ட முழு ஊசிதான் உடனடி ஆபத்து. எனவே பூனை ஒன்றுமே சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டது என்றால், மருத்துவரிடம் கேட்காமல் அந்த வேளை ஊசியைப் போடக் கூடாது.

அதற்காக, ‘சாப்பிடும்வரை ஊசி வேண்டாம்’ என்று நாள்கணக்கில் நிறுத்துவதும் தவறு. கன்று ஈன்ற கறவை மாட்டுக்கு வரும் கீட்டோசிஸ் நோயைப் பால்மாடு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். தேவையான சக்தி கிடைக்காமல் உடல் தன் கொழுப்பையே கரைக்கும்போது, கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் சேர்கிறது. இன்சுலின் இல்லாத பூனைக்கும் இதுவே நடக்கிறது. ஆனால், பூனைக்கு இது மிக வேகமாக முற்றி, ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி உயிரைப் பறித்துவிடும். வாந்தி, ஆழமான மூச்சு, வாயில் நகப்பூச்சு அழிப்பான் போன்ற வாடை, எழுந்திருக்க முடியாத சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். உடல் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே, கல்லீரலில் கொழுப்பு படிந்து செயலிழக்கத் தொடங்கிவிடும்.

மாதாமாதம் இப்படி வருவதால், அதற்கான காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்குக் கணைய அழற்சி சேர்ந்து வருவது உண்டு. சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்ப்பாதைத் தொற்று, பல் வலி, குடற்புழு, முடி உருண்டை ஆகியவையும் காரணமாகலாம். பக்கத்தில் எலி மருந்து வைத்திருந்தால், மருந்து தின்ற எலியைப் பூனை தின்றிருக்கவும் கூடும். இதையெல்லாம் மருத்துவர் பரிசோதித்துத்தான் பிரித்தறிய முடியும். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனையில் காட்டலாம்.

அடுத்தது உணவு. பூனை மாமிச உண்ணி. வயலில் எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு மாவுச்சத்து அநேகமாகச் சேர்வதே இல்லை. வீட்டுப் பூனைக்கோ பால் சோறு, தயிர் சோறு, பிஸ்கட் என்று வைக்கிறோம். உடல் பருத்து, ஓடியாடாமல், வயதும் கூடிய பூனைகளுக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது. வயிறு சரியில்லை என்று கஞ்சி கொடுத்தால் சர்க்கரை ஏறும். பால் கொடுத்தால் பல பூனைகளுக்குப் பேதி ஆகும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, அல்லது முள் நீக்கிய வெந்த மீன் நல்லது. லேசாகச் சூடு செய்து வைத்தால், வாசனைக்கே சாப்பிட வரும். ஒரே வேளையாக வைக்காமல், ஒரு ஸ்பூன் அளவில் நாலைந்து முறை வைக்கலாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வாயைத் திறந்து ஊட்டக் கூடாது, புரையேறிவிடும்.

மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கைவைத்தியம் என்று அவற்றை அரைத்துப் புகட்டுவது நோயைவிட மோசம்.

மருந்து சீசாவையும் சிரிஞ்சையும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடுவரை எடுத்தால், உள்ளே போவது 5 யூனிட். வீட்டுப் பெரியவருக்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு எடுக்கும்போது இந்தத் தவறு எளிதில் நடந்துவிடும். மருந்து குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஊசி போட்ட பிறகு பூனை தள்ளாடினால், தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தெளிந்ததும் கொஞ்சம் உணவு கொடுத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். முழுசாகச் சாப்பிட்டால் எத்தனை யூனிட்? பாதி சாப்பிட்டால் எத்தனை? ஒன்றுமே சாப்பிடாவிட்டால் என்ன செய்வது? பதிலைச் சீட்டில் எழுதி வாங்கி, மருந்து இருக்கும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டில் சாப்பிட்ட அளவு, வாந்தி, ஊசி போட்ட நேரம், வாரம் ஒருமுறை எடை ஆகியவற்றைக் குறித்து வந்தால், அடுத்தமுறை மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். அதன் பிறகு, யார் வீட்டில் இருந்தாலும் சீட்டைப் பார்த்துச் செய்யலாம்; ஆளுக்கொன்று சொல்ல வேண்டியிருக்காது.