'லா கூரா': குணமாக்குவதும் கூட இருப்பதும்

2012ம் ஆண்டு, இத்தாலி நாட்டைச் சேர்ந்த சால்வத்தோரே யாகொனேசி என்ற கலைஞருக்கு மூளையில் புற்றுக்கட்டி இருப்பது தெரியவந்தது. அவர் ஒரு கணினிப் பொறியாளரும்கூட. தன் மருத்துவப் பதிவுகளை மருத்துவமனையிடம் கேட்டு வாங்கினார். ஸ்கேன் படங்கள் கணினிக் கோப்புகளாகக் கிடைத்தன. ஆனால், அவற்றைத் தன் கணினியில் அவரால் எளிதில் திறக்க முடியவில்லை. நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் வழியில்லை. தன் தலைக்குள் இருப்பதைப் பற்றிய செய்தி, தனக்கே பூட்டிய பெட்டியாக இருப்பதைக் கண்டு அவர் மனம் கொதித்தார்.

அந்தப் பூட்டை அவரே உடைத்தார். கோப்புகளை எல்லாரும் திறக்கக்கூடிய வடிவத்திற்கு மாற்றி, தன் இணையதளத்தில் வெளியிட்டார். மருத்துவம் தெரிந்தவர்கள் ஆலோசனை தரட்டும், ஓவியர்கள் ஓவியம் தரட்டும், கவிஞர்கள் கவிதை தரட்டும் என்று உலகத்தாரை அழைத்தார். அந்த முயற்சிக்கு அவர் வைத்த பெயர் 'லா கூரா'. பல நாடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் பதில் எழுதினர். மருத்துவர்கள் எழுதினர், இதே நோயைக் கடந்துவந்தவர்களும் எழுதினர். 2013ம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மனைவி ஒரியானா பெர்சிகோவுடன் இணைந்து தொடர்ந்து பணியாற்றிய அவர், 2022ம் ஆண்டு சூலை மாதம் காலமானார்.

அவரது கட்டியை அகற்றியது இணையம் அல்ல, அறுவை மருத்துவரின் கத்திதான். அப்படியானால், அத்தனை ஆயிரம் பேரின் பதில்கள் அவருக்கு எதைத் தந்தன?

இத்தாலிய மொழியில் 'கூரா' என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, நோயைக் குணமாக்குவது. மற்றொன்று, ஒருவரைப் பேணிக் காப்பது. மக்களின் ஆன்மாக்களைப் பேணும் பங்குத்தந்தையின் பொறுப்பையும் திருஅவை இலத்தீனில் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறது. இவ்விரு பொருள்களையும் பிரித்துப் பார்ப்பது நமக்குப் பயன்தரும். ஏனெனில், இன்று நம் பங்கில் ஒரு வீட்டில் இந்த நோய் நுழைந்தால், அந்தக் குடும்பம் முதலில் தேடிப் போவது கைப்பேசியைத்தான். அங்கே முதல் பொருளுக்குப் பதில்கள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது பொருளுக்கு?

முதலில் தகவலைப் பார்ப்போம். கிளையோபிளாஸ்டோமா என்பது பெரியவர்களுக்கு வரும் மூளைப் புற்றுகளில் மிகக் கொடியது. அந்தப் பெயரைத் தேடியவுடன் கண்ணில் படுவது ஏறக்குறைய 15 மாதங்கள் என்ற எண். நள்ளிரவில் தனியாக அதைப் படிக்கும் மகனுக்கு, அது அப்பாவுக்குக் குறித்துவிட்ட நாளாகத் தெரிகிறது. உண்மையில் அந்த எண் சொல்வது வேறு. 2005ம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்ற மருந்தையும் பெற்றவர்களில் பாதிப்பேர் 14.6 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009ம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப்பேர் உயிரோடு இருந்தனர். நோய் கொடியது என்பதை இது மறைக்கவில்லை. ஆனால், கூட்டத்தைப் பற்றிய எண்ணை ஒரு தனி மனிதரின் தலையில் எழுதிவிடக் கூடாது.

தகவலுக்கு வயதும் உண்டு. 2024ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான், ஐடிஎச் என்ற மரபணு மாற்றம் கொண்ட, மெதுவாக வளரும் சிலவகைக் கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பக்கத்திற்கு இது தெரியாது. எனவே, எழுதியவர் யார், எந்த ஆண்டு எழுதினார், எந்தவகைக் கட்டியைப் பற்றி எழுதினார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் எதையும் நம்ப வேண்டாம். முள்சீத்தாப் பழம் புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இக்கேள்விகள் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. அதை நல்லெண்ணத்தோடு அனுப்பும் உறவினர், ஒரு குடும்பத்தின் பணத்தையும், அதைவிட அரிய நாட்களையும் வீணாக்கிவிடக்கூடும்.

நல்ல வாசல்களும் இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நோயாளிகளுக்கென எளிய நடையில் எழுதி வெளியிடும் விளக்கங்கள் எல்லாருக்கும் திறந்தவை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையோடு இணைந்து செயல்படும் 'நவ்யா' என்ற சேவை வழியாக, பயணம் செய்யாமலே வல்லுநர்களின் கருத்தைக் கேட்க முடியும். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949ம் ஆண்டு வேலூர் சி.எம்.சி.யில், மருத்துவர் ஜேக்கப் சாண்டி அவர்களால் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் தெரியாத தாய்க்கு இவற்றைப் படித்துச் சொல்ல, பங்கின் இளையோரில் ஒருவர் போதும்.

இனி, இரண்டாவது பொருளுக்கு வருவோம். மூளைப் புற்று மற்ற நோய்களைப் போன்றதல்ல. அது உடலை மட்டுமல்ல, ஆளையே மாற்றிவிடக் கூடும். சாந்தமான கணவர் எரிந்து விழலாம், பேச்சு தடுமாறலாம், பிள்ளையின் பெயர் மறந்து போகலாம். கட்டியும் காரணமாகலாம், வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தும் காரணமாகலாம். "என் வீட்டுக்காரர் இப்படி இல்லையே!" என்று அழும் மனைவிக்கு, இது நோயின் வேலை, அவரது மனத்தின் வேலை அல்ல என்று யாராவது சொல்லவேண்டும். கணவர் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்த துயரத்தை அவர் சுமக்கிறார். அதற்கு இரங்கல் தெரிவிக்க ஒருவரும் வருவதில்லை.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. செய்யவேண்டியது வேறு: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் வைக்காமலிருப்பது, ஐந்து நிமிடங்களுக்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது. இந்தச் சிறு அறிவு அன்பியக் கூட்டம் ஒன்றில் பத்து நிமிடங்களில் சொல்லக்கூடியது. அதை அறிந்த ஒருவர், வாரத்தில் ஒரு மாலை நோயாளியின் அருகில் அமர்ந்தால், அந்த மனைவி கோயிலுக்குப் போய்வரலாம். ஒரு மணி நேரம் கண்ணயரலாம். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவதைவிட, "வியாழன் மாலை நான் வந்து உட்காருகிறேன்" என்று சொல்வதே உதவி.

கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்தனர். கதவு வழியே போக முடியாதபோது கூரையைத் திறந்தனர். யாகொனேசியும் தனக்கு அடைபட்டிருந்த ஒரு கதவை உடைத்துத் திறந்தார். அதன் வழியே பல்லாயிரம் பேர் அவரிடம் வந்தனர். அந்த மனிதர்கள் தந்த துணையே, கத்தியால் தர முடியாத 'கூரா'.

நம் தெருவில் ஒரு வீட்டில், இன்றிரவும் ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தில் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரது கட்டிலின் நான்கு மூலைகளில் ஒன்றையாவது பிடிக்கும் மனம் நமக்கு வேண்டும்.