வீட்டைக் குளிர வைக்க இன்னொரு போர் வேண்டுமா?

சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்தால் தண்ணி ஜில்லென்று இருக்கும். மார்கழி விடியலில் அதே தண்ணி வெதுவெதுப்பாகத் தெரியும். கிணற்றுத் தண்ணி பெரிதாக மாறுவதில்லை, மேலே இருக்கிற காற்றுதான் மாறுகிறது. தரையிலிருந்து பத்துப் பதினைந்து அடி கீழே போனால் வெயில் மழையின் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கிவிடும். முப்பது அடிக்குக் கீழே வருஷம் பூராவும் ஏறத்தாழ ஒரே சூடுதான். இது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. இதையே அடிப்படையாக வைத்து உலகத்தில் பல நாடுகளில் வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குகிறார்கள், கோடையில் குளிர்விக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு தேசியப் புவிவெப்பக் கொள்கையை வெளியிட்டது. வெந்நீர் ஊற்றுகளிலிருந்து மின்சாரம் எடுப்பதோடு, நிலத்தடிக் குழாய் மூலம் கட்டடங்களைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, தோட்டத்தில் வீடு கட்டுகிற இளைஞர்கள் நம் கூட்டங்களில் இதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். "பூமிக்குள்ள குழாய் போட்டா ஏசி கரண்ட் பில் பாதியாயிடுமாமே, ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் நல்லதுதான். ஆனால் மதுரைச் சமவெளியில் வீட்டைக் குளிர வைப்பதற்காகப் புதிதாக ஆழ்துளை போடக்கூடாது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

புவிவெப்பம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பூமியின் உள்ளே இருந்து வருகிற நிஜமான சூடு. ஆழம் போகப் போக கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். நம்முடையது மாதிரிப் பழைய பாறைப் பூமியில் அதைவிடக் குறைவாகவே ஏறும். ஐஸ்லாந்தில் எரிமலைப் பூமி என்பதால் கொஞ்ச ஆழத்திலேயே வெந்நீர் கிடைக்கிறது. தலைநகர் ரெய்க்யவிக்கில் 1930-லேயே வெந்நீர்க் குழாய் போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடு பூமிச் சூட்டில்தான் கதகதப்பாக இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த ஊர் நிலக்கரிப் புகையில் கிடந்தது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து மணிகரணில் குருத்வாரா அன்னதானத்துக்கு அரிசியும் பருப்பும் வெந்நீர் ஊற்றிலேயே வேகின்றன. விறகு மிச்சம்.

இரண்டாவது வகைக்கு எரிமலையும் வேண்டாம், வெந்நீர் ஊற்றும் வேண்டாம். மேல் மண்ணின் நிலையான சூட்டை மட்டும் பயன்படுத்துவது அது. பிளாஸ்டிக் குழாயைப் பூமிக்குள் புதைத்து, அதில் தண்ணியைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு இயந்திரம் இருக்கும். குளிர்காலத்தில் அது மண்ணிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் விடும், கோடையில் வீட்டின் சூட்டை மண்ணுக்குள் தள்ளும். இதற்கு வெப்பப் பம்பு என்று பெயர். ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மூன்று, நான்கு யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். சூட்டை உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால் இது சாத்தியம்.

இதில் உள்ள நன்மை

நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. குளிர் நாட்டில் ஒரு வீட்டில் கேஸோ நிலக்கரியோ எரிப்பதை நிறுத்தினால், அது அந்த ஊர்க் காற்றுக்கும் உலகத்துக்கும் லாபம். குளிர்விப்பதிலும் ஒரு நன்மை உண்டு. சாதாரண ஏசி நம் அறையின் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. மதுரை டவுனுக்குள் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் மே மாத மத்தியானம் நடந்து பாருங்கள். ஒவ்வொரு சுவரிலும் ஏசியின் வெளிப்பெட்டி அனல் கக்கிக்கொண்டிருக்கும். ஒருத்தர் வீட்டுக் குளிர்ச்சி அடுத்தவர் வீட்டுப் புழுக்கம். பூமிக்குள் சூட்டைத் தள்ளுகிற முறையில் இது இல்லை. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அந்தக் காற்றில் சூட்டைத் தள்ளுவதைவிட 30 டிகிரி மண்ணில் தள்ளுவது இயந்திரத்துக்கும் சுலபம், மின்சாரமும் மிச்சம். குழாய்கள் நன்றாகப் புதைத்தால் ஐம்பது வருஷம் வரை உழைக்கும்.

பூமியைத் தொட்டால் என்ன ஆகும்?

இனி மறுபக்கம். லடாக்கில் பூகா என்ற பள்ளத்தாக்கு, கடல் மட்டத்துக்கு 14,000 அடிக்கு மேலே இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த இடம். குளிர்காலம் அங்கே கொடுமையானது, டீசலை மலையேற்றிக் கொண்டுபோய் எரிக்கிற ஊர். பூமிச் சூடு எங்கேயாவது அவசியம் என்றால் அங்கேதான். 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2022 ஆகஸ்டில் துளை போடும்போது பூமிக்குள்ளிருந்து பீறிட்ட வெந்நீர் பூகா ஓடையில் கலந்தது. வேலையை நிறுத்த வேண்டி வந்தது. அந்த ஓடை சிந்து நதிக்குப் போகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கிற சாங்பா நாடோடி மக்களுக்கும் அவர்கள் மந்தைக்கும் அதுதான் தண்ணி. பூமிக்கடியில் இருந்து வரும் வெந்நீரில் போரான், ஃபுளோரைடு மாதிரி உப்புகள் சேர்ந்து வரும். அதனால் எடுத்த தண்ணியைத் திரும்பப் பூமிக்குள்ளேயே அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம்.

அது பெரிய திட்டம், வீட்டுக்கு அப்படி ஆகாது என்று நினைக்கலாம். ஜெர்மனியில் ஸ்டௌஃபென் என்ற சிற்றூர் இருக்கிறது. 2007-ல் அங்கே பழைய நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்க ஏழு துளைகள் போட்டார்கள், ஒவ்வொன்றும் 140 மீட்டர். அதாவது நம்ம ஊர்க் கணக்கில் 460 அடி, நம் போர்களில் பாதி ஆழம்கூட இல்லை. கீழே அழுத்தத்தில் இருந்த நிலத்தடி நீர் துளை வழியாக மேலேறி, தண்ணி படாமல் கிடந்த ஒரு கனிம அடுக்கில் புகுந்தது. அந்தக் கனிமம் தண்ணி பட்டதும் ஜிப்சமாக மாறி ஊதும். ஊர் மெல்ல மெல்ல மேலே எழும்ப ஆரம்பித்தது, சில சமயம் மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை. 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். நல்ல எண்ணத்தில், கரியைக் குறைக்கப் போட்ட துளை அது.

மதுரையில் அந்தக் கனிம அடுக்கு கிடையாது, நம்முடையது கடினப் பாறை. எனவே ஊர் மேலே எழும்பும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஸ்டௌஃபென் சொல்கிற பாடம் நமக்கும் பொருந்தும். ஒரு துளை என்பது இதுவரை ஒட்டாமல் இருந்த இரண்டு அடுக்குகளை இணைக்கிற வாய்க்கால்.

நம்ம ஊர்க் கணக்கு

நம் பகுதியில் தண்ணி இருப்பது மேலே சிதைந்த பாறையிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான். துளை போட்டு, குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் உள்ள சந்தைக் களிமண்ணோ சிமென்ட்டோ வைத்து அடி முதல் நுனி வரை அடைக்காவிட்டால், மேல் அடுக்குத் தண்ணி கீழே வடியும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுவதற்கு அது போதும். மேலே உள்ள சாக்கடையும் உர உப்பும் அதே வழியாகக் கீழே இறங்கும். நம் ஊரில் போர் போடுகிறவர்கள் மேல் மண் சரியாமல் இருக்கக் கேசிங் இறக்குவதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். முழு ஆழத்துக்கும் அடைக்கிற பழக்கம் இங்கே இன்னும் வரவில்லை.

ஆழம் எவ்வளவு வேண்டும்? ஒரு டன் ஏசிக்குச் சமமான குளிர்ச்சிக்கு 150 முதல் 200 அடித் துளை என்பது பொதுவான கணக்கு. இரண்டு அறை வீட்டுக்கு இரண்டு டன் என்றால் 300 முதல் 400 அடி. பேங்க்கில் வேலை பார்த்த காலத்தில் கிணற்றுக் கடன் மனு வந்தால், பக்கத்துக் கிணறு எத்தனை அடி தூரம் என்பதுதான் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி. ஏசிக்கான துளைக்கு அந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்?

இதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது. குளிர் நாட்டில் மண் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. கோடையில் வீட்டுச் சூட்டை அதில் போடுகிறார்கள், குளிர்காலத்தில் அதே சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். வரவும் செலவும் சரியாகிவிடும். மதுரையில் வீட்டைச் சூடாக்க வேண்டிய நாள் ஒன்று உண்டா? வருஷத்தில் எட்டு ஒன்பது மாசம் டெபாசிட் மட்டும்தான், எடுப்பே இல்லை. சேர்வதோ சூடு. வருஷா வருஷம் துளையைச் சுற்றியுள்ள பாறை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும், இயந்திரத்தின் திறன் குறையும். முதல் வருஷம் காட்டிய மின் மிச்சத்தைப் பத்தாவது வருஷம் அப்படியே எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று. டெல்லிப் பக்கம் மண்ணின் சூடு நம் ஊரைவிடக் குறைவு, குளிர்காலமும் உண்டு. குருகிராம் அருகே குவால் பஹாரியில் டெரி நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில் 4 மீட்டர் ஆழத்தில் காற்றுக் குழாய் புதைத்து அறைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது இரண்டு பருவத்துக்கும் உதவுகிறது. மதுரையில் ஆழத்து மண்ணே 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். மே மாத மத்தியானம் அது சுகமான குளிர்ச்சிதான். ஆனால் ஆவணி புரட்டாசிப் புழுக்க ராத்திரியில் வெளிக்காற்றும் மண்ணும் ஏறத்தாழ ஒன்று, பலன் இருக்காது. ஈரக் காற்று குழாய்க்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது?

துளை போடாமல் படுக்கை வாட்டத்தில் பள்ளம் தோண்டிக் குழாய் புதைக்கலாமே என்று கேட்கலாம். அது பரவாயில்லை. ஆனால் ஒரு டன்னுக்கு 400 முதல் 600 அடிக் குழாய் போக வேண்டும், ஆறடிப் பள்ளம் வேண்டும். தோண்டும்போது மேல் மண்ணைத் தனியாகக் குவித்து, கடைசியில் மேலேயே போட வேண்டும். அடி மண்ணை மேலே தள்ளினால் நாம் பல வருஷம் உருவாக்கிய மண் உயிர் போய்விடும். காய்ந்த மண் சூட்டைக் கடத்தாது. திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழாயைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, குளியல் தண்ணி பாய்கிற வாழைப் பாத்தி ஓரமாகப் புதைத்தால் ஓரளவு பலன் தரும்.

ஏற்கெனவே இருக்கிற பாசனக் கிணறு, பண்ணைக்குட்டை இவற்றில் மூடிய குழாய்ச் சுருளை இறக்குவது இன்னும் நல்ல வழி. புதுத் துளை இல்லை. நம் ஊரில் தண்ணி உறையாது என்பதால் குழாய்க்குள் வெறும் தண்ணியே போதும், ரசாயனம் தேவையில்லை. கிணற்றிலிருந்து தண்ணியை இறைத்து, சூடாக்கி, வெளியே விடுகிற முறை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது வேறு. மேற்குச் சுவருக்கு நிழல் தரும் வேம்பு, புங்கை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. தடித்த மண் சுவர், நாட்டு ஓடு. இவை செய்த வீட்டுக்குத் தேவைப்படுகிற ஏசி சின்னதாகிவிடும், சில வீட்டுக்கு மின்விசிறியே போதும். குளிக்க வெந்நீருக்கு மாடியில் சூரிய வெப்பக் கருவி இருக்கிறது, மதுரை வெயிலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? காய்கறியைக் காக்க, பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லித்தந்த இரட்டைச் செங்கல் சுவர்த் தொட்டி கட்டுங்கள். நடுவில் மணல் நிரப்பி நனைத்து வைத்தால், காய்ந்த கோடைப் பகலில் வெளியே இருப்பதைவிட 10 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். மின்சாரமே தேவையில்லை.

லடாக் மக்களுக்குப் பூமிச் சூடு வேண்டும், கிடைக்கட்டும், ஓடையைக் காப்பாற்றிக்கொண்டு கிடைக்கட்டும். நமக்கோ பூமிக்கடியில் இருக்கிற சொத்து தண்ணிதான். யாராவது உங்கள் ஊரில் குளிர்விக்க ஆழ்துளை போட வந்தால் கிராம சபையில் நாலு கேள்வி கேளுங்கள்: பக்கத்துக் கிணறு எத்தனை அடி? துளையை முழு ஆழத்துக்கும் எதைக் கொண்டு அடைக்கிறீர்கள்? பத்து வருஷத்துக்குப் பிறகு பாறைச் சூடு எவ்வளவு ஏறும்? கைவிட்டால் யார் செலவில் மூடுவீர்கள்? நாலுக்கும் எழுத்தில் பதில் வராதவரை வண்டியை ஊருக்குள் விட வேண்டாம்.