டப்பாவில் போட்ட டிகிரி

கொதிநிலை அதிகமான பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் போதும், ரேஸ் டிராக்கில் பிரேக் கைவிடாது என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 325 டிகிரி என்று போட்ட டப்பா 280 போட்டதைவிட உசத்தி. டாட் 5 என்றால் டாட் 4-க்கு ஒரு படி மேல். விற்பவர் தலையாட்டுகிறார், வாங்கியவர் நிம்மதியாக வீடு திரும்புகிறார். அந்த நிம்மதியில்தான் ஆபத்து இருக்கிறது.

டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது சீல் உடைக்காத, ஈரமே படாத ஆயிலின் கொதிநிலை. காரில் ஊற்றிய பிறகு அது அப்படியே இருப்பதில்லை. டாட் 4 போன்ற கிளைக்கால் வகை ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். அதனால்தான் அமெரிக்கத் தரவிதி ஒவ்வொரு டாட் வகைக்கும் இரண்டு குறைந்தபட்ச அளவுகளைக் கேட்கிறது. டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி தாங்க வேண்டும், சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு 155 தாங்கினால் போதும்.

ரேஸ் ஆயிலுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. மோட்டுல் ஆர்.பி.எஃப் 660 புதிதில் 325 டிகிரி. ஈரம் ஏறினால் 205-ஐ ஒட்டி இறங்கிவிடும். காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப் புதிதில் 320, ஈரம் ஏறிய பிறகும் 270. டப்பாவின் முகப்பை மட்டும் பார்க்கிறவர் 5 டிகிரி கூடுதல் என்று முதலாவதை எடுப்பார். பிற்பாடு 65 டிகிரியை இழப்பார். எஸ்.ஆர்.எஃப் விலை கேட்டால் தலை சுற்றும் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு போட்டிக்கும் ஆயிலை மாற்றுகிற அணிக்கு அந்தச் செலவு தேவையில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை டிராக்குக்கு வந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் அதே காரில் ஆபீஸ் போகிறவர் பார்க்க வேண்டியது ஈர அளவைத்தான். நன்றாக ஈரம் குடித்த 325 டிகிரி ஆயிலைவிட, இன்று காலை ஊற்றிய சாதாரண டாட் 4 அதிகச் சூடு தாங்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

டாட் 5 கதை இதைவிட மோசம். அது சிலிக்கோன், மற்ற வகைகளோடு கலக்காது, ஈரத்தையும் தன்னுள் கரைத்துக்கொள்ளாது. உள்ளே வந்த நீர் தனியாகத் தேங்கி நிற்கும். அது காலிப்பரில் தேங்கினால் 100 டிகிரியைத் தாண்டியதும் கொதிக்கத் தொடங்கும். போதாததற்கு, அழுத்தினால் அமுங்கும் தன்மையும் டாட் 5-க்குச் சற்று அதிகம். பெடல் பஞ்சுபோல் இருக்கும். டாட் 5.1 மறுபடியும் கிளைக்கால்தான். குளிரிலும் இளகி ஓடுவதுதான் அதன் சிறப்பு. டாட் 4 என்று முத்திரை குத்திய ரேஸ் ஆயில்கள் பல, 5.1-க்கு விதித்த 260 டிகிரியைச் சுலபமாகத் தாண்டுகின்றன. எண் ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற ஏணி இங்கே கிடையாது.

இன்னொன்று. எந்த ஆயிலும் சூட்டைக் குறைக்காது. கொதிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 1,200 கிலோ கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால் வெளியாகும் ஆற்றல், நாலரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். இது ஒரே ஒரு வளைவுக்கு. அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் ஆறியாக வேண்டும். காற்றை டிஸ்க்குக்குக் கொண்டுபோகும் குழாய் இருக்கிறதா, பேட் தேய்ந்து மெலிந்து சூட்டை நேராகப் பிஸ்டனுக்குக் கடத்துகிறதா என்று பார்க்காமல், ஆயிலுக்கு மட்டும் காசைக் கொட்டுகிறார்கள்.

நோயும் தெரிய வேண்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சூட்டில் தோற்றது பேட். அதற்கு உலகத்தின் விலை உயர்ந்த ஆயிலாலும் மருந்தில்லை. பெடல் தரைவரை போனால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கலாம். ஆறியதும் பெடல் திரும்பிவிடும். "சரியாயிடுச்சு" என்று மறுபடியும் வேகம் எடுப்பது பைத்தியக்காரத்தனம்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகிறவர்கள் சென்னை வட்டாரத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அறிந்தவர்கள். போன தடவை பாதி மிஞ்சிய டப்பாவை எடுத்து வராதீர்கள். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி. சீல் உடைக்காத டப்பாவை வாங்கி, பழைய ஆயில் முழுதும் காலிப்பரிலிருந்து வெளியேறும் வரை ஏர் எடுத்துவிட்டு இறங்குங்கள். ஓட்டி முடித்ததும் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக வந்து, ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்துங்கள்.