உப்புக் காற்றும் மெழுகுப் பூச்சும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் உலாவ வரும் வெளியூர் அன்பர்கள் கடற்காற்றைப் புகழாத நாளில்லை. அந்தக் காற்றோடு குடித்தனம் நடத்துகிற நமக்கல்லவா அதன் மறுபக்கம் தெரியும்! ஜன்னல் கம்பியை அது தின்னும். கதவுப் பூட்டைத் தின்னும். பீரோவின் காலைத் தின்னும். வாசலில் மோட்டார் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் விடியற்காலையில் அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கட்டும். பனியும் தூசியும் உப்பும் கலந்த பிசுபிசுப்பு விரலில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகையால், வண்டிக்கு மெழுகுக் காப்பு இடுவது இவ்வூரில் வெறும் ஆடம்பரமன்று. முன்னெல்லாம் டப்பாவிலிருந்து மெழுகை எடுத்துப் பூசி, உலரவிட்டு, தோள்பட்டை நோகத் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது அது புட்டியில் திரவமாகவே வந்துவிட்டது. விசையை அமுக்கினால் பனித்துளி போல் தெளிக்கிறது. துணியால் துடைத்தால் தீர்ந்தது வேலை. இவ்வளவு சுலபமான காரியத்தில் ஒரு மனிதன் என்ன பிழை செய்துவிட முடியும் என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸடர் வண்டி இருக்கிறது. வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டோடு அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திவிட்டது. எங்களுடையது அதற்கு வெகு காலம் முன்பே என் தகப்பனார் வாங்கியது. கருநீல வர்ணம். அவர் காலமான பிறகும் அதை விற்க அண்ணாவுக்கு மனம் வரவில்லை. சென்ற தை மாதத்தில் அண்ணாவின் பெண்ணுக்குக் கலியாணம். "தாத்தா வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவேன்" என்று அவள் ஒரே பிடிவாதம். வண்டியைப் பளபளப்பாக்கும் பொறுப்பை நான் வலியப் போய் ஏற்றுக்கொண்டேன்.

காலை பதினொரு மணி. வாசலில் நல்ல வெயில். வண்டியின் தூசியை மேலாகத் தட்டிவிட்டு, பானெட்டின்மேல் தாராளமாகத் தெளித்தேன். துடைக்கத் துடைக்க வெள்ளைக் கோடுகள் எழுந்தன. நெற்றியில் விபூதிப் பட்டை இட்டாற்போல் இருந்தது. அவற்றை அழிக்க மேலும் தெளித்து, மேலும் அழுத்தித் தேய்த்தேன். துணி வழுக்கிச் செல்லாமல் பிடித்துப் பிடித்து இழுத்தது. சற்று நின்று துணியைத் திருப்பிப் பார்த்தேன். துணியெல்லாம் நீலம்!

நாற்பது ஆண்டுகள் டாக்ஸி ஓட்டி ஓய்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போதுதான் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "வாத்தியாரய்யா, முதல்லே கையை எடுங்க! நீங்க தேய்க்கிறது மெழுகு இல்லே. உங்க அப்பா வண்டிப் பெயிண்டு."

அன்று அவரிடம் கற்ற பாடத்தையும், பிறகு நானே தேடி அறிந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோடு விழுவதும் துணி இழுப்பதும் ஒரே நோயல்ல. கோடு என்பது மேலே மிஞ்சி நிற்கும் மெழுகு. இழுப்பு என்பது துணிக்கும் பூச்சுக்கும் நடுவே ஏதோ தடை இருக்கிறது என்னும் எச்சரிக்கை. முதலாவதைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம். இரண்டாவதை அலட்சியம் செய்தால் கீறல் விழும்; கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

தற்காலத்து வண்டிகளில் வர்ணத்தின்மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற அடுக்கு ஒன்று உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமயிரே பொதுவாக அதைவிடத் தடிப்பானது. பழைய வண்டிகள் பலவற்றில் அந்தக் காப்பும் கிடையாது, வர்ணமேதான் மேற்பூச்சு. என் துணியில் நீலம் ஏறியதன் இரகசியம் அதுவே. உப்பும் மணலும் ஒட்டிய பரப்பில் உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமானம். தினமும் காலையில் பழைய வேஷ்டியால் வண்டியை வறட்டுத் துடைப்புத் துடைக்கும் அன்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஆகவே, முதல் வேலை குளிப்பாட்டுதல். நிறையத் தண்ணீர் விட்டு மணலை ஓடச்செய்த பிறகே துணி படலாம். சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் உட்புறத்திலும் தண்ணீர் பாய வேண்டும். உப்பு ஒளிந்திருந்து இரும்பை அரிப்பது அங்கேதான். மெழுகு அந்த இடத்தைக் காப்பாற்றாது. தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் நகருக்குள் கொண்டுவரப்பட்டதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. நல்ல தண்ணீரின் அருமை இவ்வூருக்குப் புதிதல்ல. கடினமான ஆழ்குழாய் நீர் வண்டியின்மேல் காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிகளை விட்டுப் போகும். ஆதலால் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரை விட்டு, ஈரம் காயுமுன் ஒற்றியெடுத்துவிட வேண்டும்.

அடுத்தபடி ஒரு பரீட்சை. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, கழுவிய பரப்பை இலேசாகத் தடவிப் பாருங்கள். நெருநெருவென்றால் கழுவியும் போகாத அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்கென்றே 'கிளே பார்' என்ற பிசின் போன்ற கட்டி விற்கிறது. அதற்குரிய வழுக்கு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டினால் பரப்பு வழவழப்பாகும். கட்டி கீழே விழுந்தால் எறிந்துவிட வேண்டும். அதில் மண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மெழுகிடுவது எப்போதும் நிழலில். புறங்கையைப் பானெட்டின்மேல் வைத்துப் பார்த்தால் சூடு தெரியக்கூடாது. சூடான தகட்டில் மெழுகைத் தாங்கிவரும் நீர் பரவுமுன் ஆவியாகிவிடுகிறது. மெழுகு திட்டுத்திட்டாக நின்றுவிடுகிறது. விடியற்பனியின் ஈரமும் ஆகாது. அப்போது மெழுகு உலராமல் இழுசிக்கொண்டே இருக்கும். வண்டி நிழலில் ஆறிய பிற்பகலே நமக்கு ஏற்றது.

பிரேஸில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகானாலும், இரசாயன மெழுகானாலும், பரப்பில் தங்குவது மிக மெல்லிய படலமே. அதற்கு மேல் தெளிப்பதெல்லாம் கோடாகத்தான் மிஞ்சும். பானெட்டில் பாதி, ஒரு கதவு என்று சிறு சிறு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்கு ஒன்றிரண்டு தெளிப்புப் போதும். கடற்காற்று வீசும் இடத்தில் துணியின்மேல் தெளித்துக்கொள்வது உத்தமம். இல்லாவிட்டால் காற்று அதை முன்கண்ணாடியில் கொண்டு போய்ச் சேர்க்கும். மழையில் வைப்பர் ஓடும்போது பார்வை மங்கும். பிரேக் தட்டுகளிலும் மெழுகு படவே கூடாது.

மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும்: ஒன்று பரப்ப, ஒன்று துடைக்க. நான்காக மடித்துக்கொண்டு, ஒரு பக்கம் நனைந்ததும் மறுபக்கம் திருப்புங்கள். கையின் பாரமே போதும், அழுத்தம் வேண்டாம். கீழே விழுந்த துணி அன்றைக்கு உதவாது. அத்துணிகளைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம்.

அப்படியும் கோடு விழுந்தால் மேலும் மெழுகு விடாதீர்கள். நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போய்விடும். துணி இழுத்தாலோ, அக்கணமே கையை எடுங்கள். தகடு சூடா, துணி அழுக்கா, பரப்பில் மணலா என்று பார்த்து, வேண்டுமானால் மறுபடியும் கழுவுங்கள்.

அன்று பிற்பகல் பெரியவர் பக்கத்தில் நிற்க, இப்படியே முதலிலிருந்து செய்தேன். வெள்ளைக் கோடுகள் யாவும் மறைந்தன. மறுநாள் கருநீல வண்டியில் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே மணப்பெண் மண்டபத்துக்குச் சென்றாள். எல்லாரும் வண்டியைப் புகழ்ந்தார்கள்.

மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது, பானெட்டின் இடப்புறத்தில் நான் அழுத்தித் தேய்த்த இடத்து மெல்லிய கீறல்களை அண்ணா பார்த்துவிட்டார். அவற்றின்மேல் ஒரு முறை விரலை ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.