‘வேண்டாம்’ என்று சொல்லக் கால் வேலி வேண்டும்

ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவல் 1813 ஜனவரியில் லண்டனில் வெளிவந்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் அதைக் காதல் கதையாகப் படித்துத் தேர்வு எழுதிவிட்டு மறந்துபோகிறார்கள். கர்வம் பிடித்த செல்வந்தர் டார்சியும் மனதில் பட்டதைச் சொல்லிவிடும் எலிசபெத் பென்னட்டும் மோதி, பிறகு மனம் மாறிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால், அந்த நாவலில் காதலுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பது சொத்து. அப்பா கண்ணை மூடிவிட்டால் இந்த வீடு யாருக்கு என்ற கேள்விதான் கதையை நடத்துகிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை.

ஐந்து பெண்கள், ஒரு வீடு

பென்னட் தம்பதிக்கு ஐந்து பெண்கள்; ஆண் பிள்ளை கிடையாது. ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தரும் நிலம் இருக்கிறது. ஆனால், அது ஆண் வாரிசுக்கே சேர வேண்டும் என்று முன்பே செய்துவைத்த ஏற்பாட்டின்படி, பென்னட்டுக்குப் பிறகு தூரத்துப் பங்காளியான காலின்ஸுக்குப் போய்விடும். அந்தக் காலின்ஸே எலிசபெத்தைப் பெண் கேட்டு வருகிறார். கேட்கிற அந்த நேரத்திலேயே, தாய்க்குப் பிறகு அவளுக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டியில் இருக்கும் 1,000 பவுண்டு மட்டுமே என்று கணக்குச் சொல்கிறார். அவள் அப்பாவிடம் தான் எதுவும் கேட்கப்போவதில்லை என்றும் பெருந்தன்மை காட்டுகிறார்.

இந்தப் பெருந்தன்மை நமக்கு நன்கு பழக்கமானது. “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் பெண் பார்க்க வந்தவர்கள். அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பா பவுன் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார். வரதட்சணை 1961இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. கேட்காமல் வாங்கும் வழியை அதற்குப் பிறகும் நாம் விட்டுவைத்திருக்கிறோம்.

எலிசபெத் காலின்ஸை மறுக்கிறாள். அடுத்த சில நாள்களில் அவளுடைய தோழி சார்லட் அதே மனிதரை ஏற்றுக்கொள்கிறாள். சார்லட்டுக்கு வயது 27. பணமோ அழகோ இல்லை. அவர்மீது அன்பும் இல்லை. தனக்கென்று ஒரு குடித்தனம் வேண்டும், அவ்வளவுதான். வாசகர்கள் எலிசபெத்தைக் கொண்டாடுகிறார்கள், சார்லட்டுக்காகப் பரிதாபப்படுகிறார்கள். என் பார்வையில் நாவலின் உண்மை சார்லட்டிடம்தான் இருக்கிறது. எலிசபெத்தின் துணிச்சலுக்குப் பரிசாக டார்சியைக் கொடுத்தவர் நாவலாசிரியர். சார்லட்டுக்கு நேர்ந்ததுதான் அன்றைய பெண்கள் பலருக்கும் நேர்ந்தது.

ஆஸ்டினுக்கு அப்படி எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. 1802 டிசம்பரில், 27 வயதை எட்டச் சில நாள்களே இருந்தபோது, பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசான ஒருவர் அவரைப் பெண் கேட்டார். மாலையில் சம்மதம் சொன்ன ஆஸ்டின் மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். 1805இல் தந்தை இறந்ததும் தாயோடும் அக்காவோடும் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தார். 1809இல் அண்ணன் எட்வர்ட் தன் எஸ்டேட்டில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் நிலையாக உட்கார்ந்து எழுத முடிந்தது. இந்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை, ஆயுள் முழுக்கச் சகோதரர்களின் தயவு.

ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தழுவி ராஜீவ் மேனன் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தை எடுத்தார். தாத்தாவின் உயில் மகனுக்குச் சாதகமாக வெளிப்பட, அதுவரை அவரைக் கவனித்துக்கொண்ட மகளும் பேத்திகளும் பெரிய வீட்டை விட்டுச் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். மூலத்திலிருந்து படம் விலகும் இடம் முக்கியமானது. தமிழ்ச் சகோதரிகள் இருவரும் சம்பாதிக்கத் தொடங்குகிறார்கள். ஆஸ்டின் தன் நாயகிகளுக்குத் தர முடியாத வழி அது.

நிலமும் சொல்லும்

உத்திரமேரூர் என்றாலே, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஓலையில் ஒருவர் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். கால் வேலி என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால், கூடுதல் வேதக் கல்வி அந்தக் குறையை ஈடுகட்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய மாமன், மைத்துனன், மருமகன் வரை தகுதி இழந்தார்கள்.

ஜனநாயகத்தின் பழம்பெருமையாக இதைச் சொல்லிக்கொள்கிறோம். கூடவே இன்னொன்றையும் அந்தச் சுவரில் படிக்க வேண்டும். சபையில் சொல் எடுபட நிலம் வேண்டும், இல்லையென்றால் கல்வி வேண்டும். சம்பந்தம் செய்துகொண்டால் பழியிலும் பங்கு வரும். கடைசித் தங்கை லிடியா வீட்டை விட்டு ஓடியதும் பென்னட் வீட்டு அக்காமார்களின் கல்யாணம் கேள்விக்குறியானது இதே கணக்கில்தான். அன்றைய உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களுடையது. வயலில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் இல்லை.

வர்க்கத்தைப் பற்றி நாவல் சொல்வதை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது. டார்சி பெரும் நிலக்கிழார், எலிசபெத் சிறு நிலக்கிழாரின் மகள். இருவரும் ஒரே வகுப்பார்தான் என்று டார்சியின் பெரியம்மாவிடம் அவளே வாதாடுகிறாள். அவள் தாண்டியது ஒரு படி. நம் ஊரில் சம்பளம், நிலம், படிப்பு எல்லாவற்றையும் விசாரிப்பதற்கு முன்பே சாதி வேலி போட்டுவிடுகிறது. அதைத் தாண்டியவர்களுக்கு என்ன நேரும் என்பதை 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையில் பார்த்தோம். சொத்து சாதிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற பிடிவாதமும் அந்த வேலிக்குக் காவல் நிற்கிறது.

ஒரு கையெழுத்து

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது இதே மண்தான். உத்திரமேரூர் அன்று சேர்ந்திருந்த மாவட்டத்தின் செங்கல்பட்டு நகரில், 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு அது. அதைச் சட்டமாக்கத் தமிழ்நாட்டுக்கு 60 ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல், பூர்விகச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்றானது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. இந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கிராமத்தில் நடப்பது என்ன? அப்பாவின் காரியம் முடிந்து சில மாதங்களில் தம்பியிடமிருந்து போன் வரும். “பாகம் பிரிக்கணும்க்கா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு.” அக்கா ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறாள். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கேமரா முன் முகம், கருவியில் விரல் ரேகை. வெளியே வந்ததும் ஒரு புடவை, கொஞ்சம் ரொக்கம், ஓட்டலில் சாப்பாடு. தயங்கினால், “உனக்குத்தான் கல்யாணத்துலயே செஞ்சாச்சே” என்று ஒரு குரல், “பொறந்த வீட்டு வாசல் வேணுமா, வேண்டாமா?” என்று இன்னொரு குரல்.

செய்த சீர் பங்குக்கு ஈடாகாது. சீரின் அளவை முடிவு செய்வது மாப்பிள்ளையின் சம்பளம். பங்கின் அளவை முடிவு செய்வது அப்பாவின் சொத்து. சீர் கல்யாணத்தன்றே புகுந்த வீட்டுக்குப் போய், பிறகு நகைக் கடனுக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. பங்கு அவள் பெயரில் பட்டாவாக நிற்கும். புகுந்த வீட்டில் அடி விழுந்தால் திரும்பி வந்து நிற்க ஓர் இடமாகும். மகளை அனுப்பிவைப்பதற்குக் கடன் வாங்கும் தகப்பன், அவள் திரும்பி வர நேர்ந்தால் நிற்க ஓர் இடம் வைப்பதில்லை.

அரசும் இதை மெல்லக் கற்றுக்கொண்டது. 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016இல் 8 கிராம் என்று வளர்ந்தது. 2022இல் அது, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் கொடுத்த கை படிப்புக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது நல்ல மாற்றம். அரைக்கால் வேலியோடு கல்வி சேர்ந்தால் போதும் என்ற பழைய விதி இப்போதுதான் பெண்களுக்கும் எட்டியிருக்கிறது.

ஆனால், கல்வியும் சம்பளமும் மட்டும் போதாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சம்பளம் தரும் சுதந்திரம் தாலி கட்டியதும் ஆட்டம் காணலாம். பெயரில் இருக்கும் நிலத்துக்கு அந்தக் கவலை இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. விடுதலைப் பத்திரம் பதிவாகும் முன், உடன்பிறந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, எதை விட்டுக்கொடுக்கிறாள், அதன் மதிப்பு என்ன என்று அந்தப் பெண்ணிடம் தனியாக எடுத்துச் சொல்வதைப் பதிவுத் துறை கட்டாயமாக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் ஆஸ்டினைப் பாடம் நடத்தும்போது 1989, 2005 சட்டங்களையும் சேர்த்து நடத்த வேண்டும். சார்லட் ஏன் சம்மதித்தாள் என்ற கேள்விக்கு மாணவிகள் தங்கள் வீட்டிலிருந்தே பதில் சொல்வார்கள். அப்பாக்கள், தாங்கள் நன்றாக இருக்கும்போதே மகளின் பங்கை எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். அவள் பெயரில் நிலம் இருந்தால், அவள் சொல்லும் சம்மதமும் உண்மையான சம்மதமாக இருக்கும். முதலில் பங்கை எழுதுவோம். பிறகு மாப்பிள்ளை பார்ப்போம்.