காதுக்கு எத்தனை புள்ளி? ஆங்கிலக் கேட்டல் பரீட்சையும் எமது பிள்ளைகளும்

நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், இஷாவுக்குப் பிறகு என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் தாதி உத்தியோகம் பார்க்கிறார். இங்கிலாந்து செல்வதற்காக ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையை இரண்டு தடவை எழுதியிருக்கிறார். "ரெண்டு தரமும் சரி வரல்ல சேர். மூணாவது தரம் எழுதச் சொல்றாங்க. வாப்பாக்கிட்ட இனி எப்படிச் சல்லி கேக்கிற?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ரெண்டு பெறுபேற்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்க மகன்" என்றேன்.

முதல் தடவை: கேட்டல் 6.5, வாசிப்பு 7, எழுத்து 6.5, பேச்சு 7. மொத்தப் பெறுபேறு 7. அன்று வீட்டில் இனிப்பும் பகிர்ந்திருக்கிறார்கள். பிறகுதான், இங்கிலாந்தின் தாதியர் பேரவையான என்.எம்.சி. மொத்தத்தைப் பார்ப்பதில்லை, கேட்டலில் தனியாக 7 வேண்டும் என்பது தெரியவந்திருக்கிறது. ஏழு மாதங்கள் கழித்து இரண்டாவது தடவை: கேட்டல் 7, வாசிப்பு 6.5, எழுத்து 6, பேச்சு 7. மொத்தம் 6.5. முன்னையதை விடக் குறைந்துவிட்டது என்று மனம் உடைந்துபோனார். பயிற்சி பெற்ற நிலையத்தில் உடனே அடுத்த பரீட்சைக்குப் பதியும்படி சொல்லியிருக்கிறார்கள்.

என்.எம்.சி. கேட்பது இதுதான்: கேட்டல், வாசிப்பு, பேச்சு ஆகியவற்றில் 7, எழுத்தில் 6.5. ஆனால் 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு பரீட்சைகளைச் சேர்த்துக் காட்டலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. இரண்டிலும் கேட்டல், வாசிப்பு, பேச்சு 6.5க்குக் குறையக் கூடாது. எழுத்து 6க்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு திறனிலும் தேவையான புள்ளி ஏதாவது ஒன்றில் கிடைத்திருக்க வேண்டும். அந்த மாணவரின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே இருக்கிறது. தோல்வி என்று அவர் ஒதுக்கி வைத்த இரண்டாவது தாளில்தான் அவருக்கு வேண்டிய கேட்டல் 7 இருந்தது. மூன்றாவது பரீட்சை தேவையே இல்லை.

இது ஒரு மாணவரின் கதை மட்டுமல்ல. எமது ஊர்களில் வெளிநாட்டுக் கல்விக்கும் தொழிலுக்கும் ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர் இந்தப் பரீட்சைகளுக்காக நகை அடகு வைத்தும் கடன் பட்டும் செலவு செய்கிறார்கள். அந்த எண்கள் எப்படி உண்டாகின்றன, யார் எந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்பதை விளங்காமலேயே செலவு செய்கிறார்கள். ஓர் ஆங்கில ஆசிரியர் என்ற வகையில் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

40 வினாக்களும் 9 நிலைகளும்

ஐ.ஈ.எல்.டி.எஸ். கேட்டல் பகுதியில் 40 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒலிப்பதிவு சுமார் 30 நிமிடங்கள். ஒரு தடவை மட்டுமே கேட்கலாம். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடுவதில் அர்த்தமில்லை.

சரியான விடைகளின் எண்ணிக்கை பிறகு 'பேண்ட்' எனப்படும் நிலையாக மாற்றப்படுகிறது. பரீட்சையை நடத்துவோர் வெளியிட்டிருக்கும் சராசரிக் கணக்கு இது: 16 சரியென்றால் நிலை 5, 23 என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. வினாத்தாளின் கடினத்துக்கேற்ப இதில் சிறு வித்தியாசம் வரலாம்.

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 6இலிருந்து 7க்குப் போக ஏழு விடைகள் கூட வேண்டும். 7இலிருந்து 8க்கு ஐந்து போதும். கேட்பதற்கு இலகு போல இருக்கும். ஆனால் அந்த ஐந்தும் பெரும்பாலும் பரீட்சையின் கடைசிப் பகுதிகளில் இருக்கும் ஐந்து. நான்கு பகுதிகளில் முதலாவது இருவரின் அன்றாட உரையாடல்; இரண்டாவது பொது விடயம் பற்றி ஒருவர் பேசுவது; மூன்றாவது மாணவர்களும் விரிவுரையாளரும் கலந்துரையாடுவது; நான்காவது ஒரு பல்கலைக்கழக விரிவுரை. பகுதிக்குப் பத்து வினாக்கள். முதல் இரண்டிலும் 20க்கு 20 எடுத்தவர், மீதி இரண்டில் பாதியைச் சரியாக்கினாலே 30 வந்துவிடும். எமது பிள்ளைகளோ நான்காவது பகுதிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டு, இலகுவான முதல் பகுதியில் புள்ளிகளைக் கொட்டிவிடுகிறார்கள்.

எப்படிக் கொட்டுகிறார்கள்? தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண்ணைத் தவறவிடுவது. 'பிஃப்டீன்' என்பதை 'பிஃப்டி' என்று எழுதுவது. செவ்வாய்க்கிழமை என்று சொன்னவர் அடுத்த வசனத்தில் "இல்லை, புதன்" என்று திருத்துவதற்கு முன்பே விடையை எழுதி முடிப்பது. பன்மைக்குரிய 'எஸ்' எழுத்தை விட்டுவிடுவது. எழுத்துப்பிழை விடுவது. இரண்டு சொற்களுக்கு மேற்படாமல் எழுதுக என்றிருக்க மூன்று சொற்கள் எழுதுவது. இவை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இப்படி நான்கைந்து போனால் அரை நிலை, சில வேளை ஒரு நிலையே போய்விடும். "எனக்கு விளங்குது சேர், எழுதக்குள்ளதான் போயிருது" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல.

ஒரே எண், வேறு வேறு கதவுகள்

ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் சித்தி, தவறுதல் என்று எதுவும் இல்லை. நிலை மட்டுமே தரப்படும். அது போதுமா இல்லையா என்பதை அதைக் கேட்கும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே, "எவ்வளவு எடுக்க வேண்டும்?" என்பதற்கு முன்னால், "யாருக்காக எடுக்கிறோம்?" என்று கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் பல மொத்தப் பெறுபேற்றைப் பார்க்கும். அத்தோடு எந்தத் திறனும் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்றும் சொல்லும். மொத்தம் என்பது நான்கின் சராசரி. அது 0.25இல் முடிந்தால் அடுத்த அரைக்கும், 0.75இல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் உயர்த்தப்படும். மூன்று திறன்களில் 6 எடுத்தவர் கேட்டலில் மட்டும் 7 எடுத்தால் சராசரி 6.25, பெறுபேறு 6.5. கேட்டலில் 6.5 எடுத்திருந்தால் சராசரி 6.125, பெறுபேறு வெறும் 6. கேட்டலில் கிடைக்கும் ஓரிரு விடைகள் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதியையே மாற்றிவிடலாம்.

இங்கிலாந்தில் திறன்சார் தொழிலாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போருக்கான ஆங்கில மட்டம் 2026 ஜனவரி 8 முதல் பி1இலிருந்து பி2 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்த விசாவுக்கென ஏற்கப்படும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் முன்னர் ஒவ்வொரு திறனிலும் 4 போதும். இப்போது ஒவ்வொன்றிலும் 5.5 வேண்டும். மொத்தம் 6 இருந்தாலும் கேட்டல் 5 என்றால் கதவு திறக்காது. "போன வருஷம் என் மச்சான் இவ்வளவோடதானே போனார்" என்ற கதை இனிச் செல்லாது.

கனடாவின் கணக்கு இன்னும் வித்தியாசமானது. அங்கு குடியேற விண்ணப்பிப்போரின் ஐ.ஈ.எல்.டி.எஸ். நிலைகள் சி.எல்.பி. என்ற அந்நாட்டு அளவுகோலுக்கு மாற்றப்படும். சி.எல்.பி. 9ஆம் மட்டத்துக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7 போதும். கேட்டலில் மட்டும் 8 வேண்டும். எல்லாவற்றிலும் 7 எடுத்துவிட்டேன் என்று மகிழ்ந்திருப்பவர் இந்த ஒரு வரியை வாசிக்காததால் புள்ளிப் பட்டியலில் பின்தள்ளப்படுகிறார்.

வேறு பரீட்சைகளின் எண்களையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சுகாதாரத் துறையினருக்கான ஓ.ஈ.டி. பரீட்சையின் அளவு 0 முதல் 500 வரை. அதில் 'பி' தரம் 350இல் தொடங்குகிறது. டோஃபல் பரீட்சை 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையான அளவுக்கு மாறியிருக்கிறது. அங்கே 6 உச்சம், ஐ.ஈ.எல்.டி.எஸ்.இல் 6 நடுத்தரத்துக்குச் சற்று மேல். முகநூலில் யாரோ போட்ட எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் இணையத்தளத்தையே பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். முகவர் வாசித்துச் சொன்னால் போதாது.

கேட்கப் பழக்காத வகுப்பறை

இனி, எம்மை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி. மூன்றாம் தரத்திலிருந்து பாடமாக ஆங்கிலம் படித்த பிள்ளை, சாதாரண தரத்தில் 'ஏ' எடுத்த பிள்ளை, கேட்டலில் ஏன் தடுமாறுகிறது?

பதில் எமது பரீட்சையிலேயே இருக்கிறது. சாதாரண தர ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். இரண்டும் எழுத்து. உயர்தரப் பொது ஆங்கிலமும் எழுத்துத்தான். தேசியப் பரீட்சையில் கேட்டலுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. பரீட்சையில் வராததை எந்த வகுப்பில் கற்பிப்பார்கள்? பாடநூலில் கேட்டல் பயிற்சிகள் இருக்கின்றன; அவற்றை வாசித்துக் காட்டுவதற்கான பகுதிகள் ஆசிரியர் வழிகாட்டியில் இருக்கின்றன. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நாம் முதலில் தாண்டிப் போவது அந்தப் பக்கங்களைத்தான். நானும் பல வருடங்கள் தாண்டிப் போனவன். ஆசிரியர் கலாசாலையில் கேட்டல் பாடத்துக்குப் படிமுறை எழுதிப் புள்ளி வாங்கிவிட்டு, வகுப்புக்கு வந்ததும் இலக்கணப் பயிற்சியைக் கரும்பலகையில் எழுதியவன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிள்ளை ஆங்கிலத்தைக் கண்ணால் படித்து வளர்கிறது. எழுத்தில் தெரிந்த சொல்லைக் காதில் கேட்டால் அடையாளம் தெரிவதில்லை. பிறகு இருபது வயதில் இரண்டு மாத வகுப்புக்குப் போய், அவுஸ்திரேலியரும் ஆங்கிலேயரும் கனேடியரும் பேசுவதை ஒரே தடவையில் விளங்க வேண்டும் என்கிறோம்.

காதைப் பழக்குவது எமக்குத் தெரியாத வித்தையா? எமது குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய்ப் பாருங்கள். 'கல்ப்' என்று தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். அடிநாக்கு அண்ணத்தைத் தொடும் இடம் சற்று முன்னால் வந்துவிட்டால் இதயம் என்ற சொல் நாய் என்று மாறிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு உஸ்தாத் அந்த வித்தியாசத்தைப் பிடிபட வைக்கிறார். எப்படி? தான் ஓதிக் காட்டுகிறார், பிள்ளை கேட்கிறது, திருப்பி ஓதுகிறது, பிழைத்த இடத்தில் நிறுத்துகிறார், மீண்டும் கேட்க வைக்கிறார். ஒவ்வொரு நாளும், கொஞ்சம் கொஞ்சமாக. கேட்டலுக்கு உலகில் இதை விடச் சிறந்த பயிற்சி முறையை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. 'பிஃப்டீனுக்கும் பிஃப்டிக்கும்' உள்ள வித்தியாசத்தை எமது பிள்ளைகளின் காதுகளுக்குப் பழக்க முடியாது என்று யார் சொல்வது?

செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. தவணைப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குப் பத்துப் புள்ளிகளைக் கேட்டலுக்கு ஒதுக்குவதற்கு அதிபரும் வலயமும் மனம் வைத்தால் போதும். வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம், ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள பகுதியை வாசித்துக் காட்டலாம். ஒரு கைப்பேசியும் சிறிய ஒலிபெருக்கியும் இருந்தால் இன்னும் நல்லது. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் பரிசளிப்பு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

வெளிநாட்டுப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மூன்று விடயங்கள். பணம் கட்ட முன் நிறுவனம் ஒவ்வொரு திறனிலும் கேட்கும் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் மாதிரிப் பரீட்சை செய்து, ஒரே தடவை மட்டும் கேட்டு, 40க்கு எத்தனை என்று எண்ணுங்கள். 22 எடுப்பவர் 7 வேண்டுமென்றால் இன்னும் எட்டு விடைகள் தூரத்தில் இருக்கிறார், அடுத்த வாரமே பதியத் தேவையில்லை. போன புள்ளிகள் எதனால் போயின என்று பிரித்துப் பாருங்கள்: விளங்காததாலா, எழுத்துப்பிழையாலா, அவசரத்தாலா? மருந்து அதற்கேற்பத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. "கட்டாயம் 7 எடுத்துத் தருவோம்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் அது மோசடி மட்டுமல்ல, ஹராமும்கூட. பெறுபேற்றை நிறுவனங்கள் நேரடியாகவே சரிபார்க்கின்றன. பிடிபட்டால் பிள்ளையின் எதிர்காலமும் குடும்பத்தின் மானமும் சேர்ந்தே போகும்.

அந்த மாணவர் மூன்றாவது தடவைக்குப் பதியவில்லை. இரண்டு பெறுபேறுகளையும் சேர்த்து விண்ணப்பத்தைத் தொடங்கியிருக்கிறார். அவருடைய வாப்பா கடந்த வாரம் என்னை அழைத்து நீண்ட நேரம் துஆச் செய்தார். நான் செய்ததெல்லாம் ஓர் இணையப் பக்கத்தைப் பொறுமையாக வாசித்தது மட்டும்தான். அதை வாசிக்க ஊருக்கு ஓர் ஆளாவது இருந்தால், எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போகாமல் இருக்கும்!